முதல் சுற்றைப் பிடித்தால் போதும்

(நமது முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, அன்று வகுப்பில் நம்மைக் கண்காணித்தது போதாதென்று இன்றும் முன்வரிசையில் அமர்ந்து கண்காணித்துக்கொண்டிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, உடன் பயின்ற நண்பர்களே, அவர்களை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்ட சகோதரிகளே, பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே!

செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "டேய், இந்த வருஷம் பென்ஷன், சர்க்கரை, மூட்டுவலி மூணையும் விட்டுட்டு வேற எதையாவது பேசு" என்றார். "யோ-யோவைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "இருபது நிமிஷம்தான் தருவேன்" என்றார். அந்த இருபது நிமிஷத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

பழைய யோ-யோக்களுக்கு மாற்றுப் பேட் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் என் தலைப்பு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் முப்பத்துநாலு வருஷம் பிரேக் லைனிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அன்று லாரியை நிறுத்த உராய்வைத் தேடினேன். ஓய்வு பெற்றபின், தெரிந்தவர்கள் வீட்டு யோ-யோக்களைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டு அறுபது கிராம் பொம்மைக்காக உராய்வைத் தேடுகிறேன். வேலை மாறவில்லை, அளவுதான் மாறியிருக்கிறது.

யோ-யோவை எல்லோருக்கும் தெரியும். இரண்டு தட்டு, நடுவில் ஓர் அச்சு, அதில் ஒரு நூல். விட்டால் போகும், இழுத்தால் வரும். போவதில் புதிர் ஒன்றும் இல்லை, புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வருவது எதனால்? அங்கேதான் நம் பேச்சு ஆரம்பிக்கிறது.

சின்ன வயதில் திருவிழாக் கடையில் வாங்கிய யோ-யோவில் நூலை அச்சோடு முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். அது அடிவரை போய், அதே வேகத்தில் திரும்பி ஏறிவிடும். கீழே நின்று சுற்றாது. 1928-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் பெட்ரோ ஃபுளோரஸ் என்பவர் யோ-யோ செய்யும் தொழிலைத் தொடங்கினார். பிலிப்பைன்ஸிலிருந்து அங்கே குடியேறியவர் அவர். அவருடைய யோ-யோவில் முடிச்சு கிடையாது. நீளமான ஒரு நூலை இரண்டாக மடித்து முறுக்கினால் மடிப்பில் ஒரு கண்ணி உண்டாகும் அல்லவா, அந்தக் கண்ணிக்குள் அச்சு தளர்வாக உட்கார்ந்திருக்கும். ஆகவே யோ-யோ அடியில் நின்றபடியே சுற்றும். ஆடுகிறவர்கள் இதை 'தூங்குவது' என்பார்கள். பிறகு டொனால்ட் டங்கன் என்ற வியாபாரி அந்தத் தொழிலை வாங்கி நாடு முழுவதும் பரப்பினார்.

தூங்குகிறவனை எழுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் விடுதியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மர யோ-யோவில் நூலுக்கும் மர அச்சுக்கும் இடையே உள்ள உராய்வே எழுப்பிவிடும். ஆனால் அதே உராய்வு தூக்கத்தையும் சீக்கிரம் கெடுத்துவிடும். 1990-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாம் குன் என்ற பல் மருத்துவர் பால் பேரிங் வைத்த அலுமினிய யோ-யோவை வெளியிட்டார். 1997-இல் ஜப்பானில் பாண்டாய் நிறுவனம் 'ஹைப்பர் யோ-யோ' என்ற பெயரில் விற்க ஆரம்பித்ததும் அங்கே பிள்ளைகளிடையே பெரிய அலையே எழுந்தது. பேரிங் பரவப் பரவத் தூக்கம் நீண்டது. ஆனால் அச்சில் உராய்வு இல்லாததால் எழுப்புவதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் பேட். ஆங்கிலத்தில் ரெஸ்பான்ஸ் பேட் என்கிறார்கள். இரண்டு தட்டுகளின் உட்பக்கத்திலும், அச்சைச் சுற்றி, சின்ன வளையமாக இருக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தது. யோ-யோ தூங்கும்போது அதன் எடை நூலை விறைப்பாக இழுத்து வைத்திருக்கிறது. விறைத்த நூல் இடைவெளியின் நடுவில் நேராக நிற்கும், பேட்டை அதிகம் தொடாது. விரலால் சட்டென்று சுண்டி இழுத்தால் யோ-யோ சற்றே துள்ளி எழும்பும். அந்தக் கணத்தில் நூல் தளரும். தளர்ந்த நூல் பக்கவாட்டில் சாய்ந்து பேட்டைத் தொடும். சுற்றிக்கொண்டிருக்கும் பேட் அதைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிடும். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் டேவிட் கிரிக்ஸ் என்ற விண்வெளி வீரர் யோ-யோ ஆடிப் பார்த்தார். அங்கே அது தூங்கவே மறுத்துவிட்டது. நூலை விறைப்பாக வைத்திருக்க எடை இல்லை, அதனால் அடிக்குப் போனதும் திரும்பி வந்துவிட்டது. விறைப்பும் தளர்வும்தான் விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இனி நம் பழைய பாடம் ஒன்று. பெல்ட் டிரைவ் நடத்தியபோது உருளையைச் சுற்றும் வார் பற்றி ஒரு சூத்திரம் படித்தோம், நினைவிருக்கிறதா? கடைசி வரிசையில் இருந்தவர்கள் தலையாட்ட வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு இழுவிசை ஏறக்குறைய 6.6 மடங்கு தாங்கும். இரண்டு சுற்றுக்கு ஏறக்குறைய 43 மடங்கு. அதாவது, முதல் சுற்றைப் பேட் பிடித்துக் கொடுத்துவிட்டால் பிறகு நூலின் மேல் நூல் ஏறித் தானே பார்த்துக்கொள்ளும். நான் இங்கே சொல்ல வந்தது இவ்வளவுதான்: பேட்டின் வேலை முதல் சுற்றைப் பிடிப்பது மட்டும். அதற்கு மேல் பிடிக்கிற பேட் உதவி செய்யாது, உபத்திரவம்தான் செய்யும். பிரேக் லைனிங்கில் 'எவ்வளவுக்கெவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது' என்று நினைக்கிற புது ஆட்கள் வருவார்கள். பிரேக் இறுகிப்போன வண்டியை ஒருநாள் தள்ளிப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும்.

வீட்டில் கிடக்கும் பழைய யோ-யோவைக் கையில் எடுத்தவுடன் கடைக்கு ஓடாமல், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது பேட் கேட்கிற யோ-யோதானா? மரத்தில் கடைந்த பழைய யோ-யோவுக்குப் பேட் கிடையாது, ஒட்டவும் கூடாது. அதற்கு வேண்டியது நல்ல பருத்தி நூல்தான். யோமேகா நிறுவனத்தின் 'பிரெய்ன்' என்ற யோ-யோவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளே ஒரு கிளட்ச்சே இருக்கிறது. வேகமாகச் சுற்றும்போது சின்ன எஃகுக் குண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கி, கிளட்ச்சைத் திறந்து வைத்திருக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அதை மூடி அச்சைக் கவ்வும், யோ-யோ தானே மேலே வரும். அதே நிறுவனத்தின் 'ஃபயர்பால்' போன்றவற்றில் தட்டின் உட்பக்கத்தில் சூரியக் கதிர்போலப் புடைத்த வரிகள் இருக்கும். அச்சில் வார்க்கும்போதே பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்தவை அவை. தேய்ந்தால் மாற்ற வழி இல்லை. சற்றுத் தடித்த நூலைப் போட்டுச் சமாளிக்கலாம். ஆகவே, பேட் உட்காருவதற்கென்று வட்டமாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் இருந்தால் மட்டுமே மேலே பேசலாம்.

இரண்டாம் கேள்வி: இது எப்படித் திரும்பி வரவேண்டும்? பலரும் தவறவிடுவது இதைத்தான். நம் காலத்து யோ-யோ, சுண்டி இழுத்தால் வரும். இன்றைக்குப் போட்டிகளில் ஆடுகிற பிள்ளைகளுக்கு அப்படி வந்தால் பிடிக்காது. நூலில் அவர்கள் பின்னுகிற சிக்கலான ஆட்டத்தின் நடுவில் அது திடீரென்று ஏறினால் ஆட்டம் போச்சு. எனவே இன்றைய யோ-யோக்களில் இடைவெளி 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். பேட் மெல்லிசாக, தட்டோடு தட்டாக உட்கார்ந்திருக்கும். இழுத்தால் வராது. ஆடுகிறவர் நூலின் ஒரு மடிப்பை வேண்டுமென்றே இடைவெளிக்குள் கொடுத்துத்தான் அதை வரவழைக்க வேண்டும். அதற்கு 'பைண்ட்' என்று பெயர். இன்று கடையில் சுலபமாகக் கிடைக்கும் பேட் பெரும்பாலும் இந்த ஆட்டத்துக்காகச் செய்தது. அதைக் கொண்டுவந்து 1990-களின் யோ-யோவில் ஒட்டிவிட்டு, "இது வரவே மாட்டேங்குதே" என்று வருத்தப்பட்டால், தவறு பேட்டின் மேலும் இல்லை, யோ-யோவின் மேலும் இல்லை. இருவரையும் சேர்த்து வைத்த பொருத்தம்தான் சரியில்லை.

மூன்றாம் கேள்வி: பள்ளத்தின் அளவு என்ன? முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து மீச்சிற்றளவு கேட்டு நம்மைப் படுத்தினார்களே, அந்த வித்தைக்கு இப்போது வேலை வந்திருக்கிறது. நான்கு அளவுகள் வேண்டும்: பள்ளத்தின் வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம், இரண்டு தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இன்று பரவலாகக் கிடைக்கும் பேட்டின் வெளிவிட்டம் 19 மி.மீ. பழைய யோ-யோக்களில் அதைவிடப் பெரிய பள்ளங்களும் உண்டு, சிறியவையும் உண்டு. பெரிய பள்ளத்தில் சின்ன பேட்டை ஒட்டினால் அது ஒரு பக்கம் ஒதுங்கும். ஓரம் மேலே எழும்பும், நூல் அந்த ஓரத்தில் மாட்டும். சின்ன பள்ளத்தில் பெரிய பேட்டை அமுக்கினால் நடுவில் உப்பிக்கொள்ளும்.

தடிமன் கணக்கையும் பார்த்துவிடுங்கள். பேட் பள்ளத்தைவிட 0.2 மி.மீ. தடிமனாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு 0.2, இரண்டு பக்கத்துக்கு 0.4. பழைய யோ-யோவின் இடைவெளி 2.5 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. யோ-யோ தூங்காமல் உடனே ஏறிவந்து விரல் முட்டியைத் தட்டும். 0.2 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மூன்று காகிதத் தாளின் தடிமன்தான். அந்த வித்தியாசம்தான் பிள்ளை அந்த விளையாட்டை விரும்புவானா, மூலையில் போடுவானா என்று தீர்மானிக்கிறது.

நான்காம் கேள்வி: எந்தப் பொருளில் ஆனது? இங்கே நான் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில்புத்தி. மூன்று வகை உங்கள் கண்ணில் படும்.

ஒன்று, ரப்பர் ஓ-ரிங். பழைய யோ-யோக்கள் சிலவற்றில் பள்ளம் ஒடுக்கமாக, ஓ-ரிங்குக்காகவே வெட்டியிருக்கும். கடையில் கேட்கும்போது உள்விட்டத்தையும் ரப்பரின் தடிமனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பு நிற நைட்ரைல் ரப்பர் எண்ணெய் பட்டால் தாங்கும். ஆனால் வருஷக்கணக்கில் காற்றிலும் வெயிலிலும் கிடந்தால் இறுகி வெடிக்கும். சிலிக்கோன் ரப்பர் வயசானாலும் மென்மை குறையாது. ஆனால் கிழிசலுக்கு அஞ்சும், கூர்மையான ஊசியால் நெம்பக் கூடாது.

இரண்டு, பின்புறம் பசை தடவிய ஒட்டுப் பேட். 1990-களின் கடைசியில் பிளேமாக்ஸ் நிறுவனம் தன் யோ-யோக்களில் இதைப் 'பிரேக் பேட்' என்றே பெயர் வைத்துப் போட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் முன்பு சொன்ன டங்கனின் மகன்தான். பிறகு டங்கன் நிறுவனத்தின் 'ஃப்ரீஹேண்ட்' போன்ற யோ-யோக்களில் சொரசொரப்பான, மெல்லிய வளைய ஸ்டிக்கர் வந்தது. ஒட்டுப் பேட் புதிதில் நன்றாகப் பிடிக்கும், ஆட ஆடத் தேயும். நம் சைக்கிள் பிரேக் கட்டை மாதிரி, தேய்வதற்காகவே பிறந்தது. பழைய ஒரிஜினல் பேட் பாக்கெட் பிரிக்காமல் கிடைத்தால் சிலர் பொக்கிஷம் போல வாங்குகிறார்கள். அலமாரியில் வைத்துப் பார்க்க என்றால் சரி. ஆடுவதற்கென்றால் யோசியுங்கள். இருபத்தைந்து வருஷம் பாக்கெட்டில் தூங்கிய பசைக்கு ஒட்டும் குணம் போயிருக்கும், ரப்பருக்கும் வளையும் குணம் குறைந்திருக்கும். அதே அளவில் புதிதாகச் செய்த பேட்டே மேல்.

மூன்று, குழாயிலிருந்து பிதுக்கிப் பள்ளத்தில் நிரப்பும் சிலிக்கோன். கார் கண்ணாடி, கேஸ்கெட் வேலைக்கு விற்பது. எந்த அளவுப் பள்ளமானாலும் அதன் வடிவத்துக்கே உட்கார்ந்துவிடும் என்பது இதன் சிறப்பு. பேரிங்கை முதலில் கழற்றிவிடுங்கள். பள்ளத்தை நிரப்பி, ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தால் ஒரே இழுப்பில் மட்டம் செய்து, ஒரு முழு நாள் தொடாமல் வையுங்கள். இது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். நம் சென்னைக் காற்றுக்கு அந்தக் கவலையே இல்லை. காய்கிறபோது புளித்த வாடை அடிக்கும் வகையில் அசிட்டிக் அமிலம் வெளிவரும். இரும்பு, பித்தளை பாகங்களை அது அரிக்கும் என்பதால் கவனம் தேவை.

ஐந்தாம் கேள்வி: செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? இது பழைய பொருளைத் தொடுகிற எல்லோருக்கும் பொதுவான தர்மம். சிலிக்கோனை உரித்து எடுத்துவிடலாம். ஆனால் அது இருந்த இடத்தில் மெல்லிய படலம் தங்கிவிடும். அதன்மேல் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது. ஆகவே முதலில் ஒட்டுப் பேட்டை முயற்சி செய்யுங்கள். அது சரிப்படாவிட்டால் மட்டுமே சிலிக்கோனுக்குப் போகலாம். இந்த வரிசையை மாற்றினால் திரும்பி வர வழி இல்லை. பள்ளத்தைக் கடைந்து பெரிதாக்குவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பேட் பத்து வரும், போகும். தட்டு ஒன்றுதான்.

பழைய பசையை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு போதும். அவசரப்பட்டு வீட்டிலுள்ள நகப்பூச்சு நீக்கியையோ பெயிண்ட் தின்னரையோ எடுக்காதீர்கள். அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் மங்கிப் போகும், இளகும், வெடிக்கும். பழைய யோ-யோக்களில் பல இந்த இரண்டு பிளாஸ்டிக்குகளில் ஒன்றால் ஆனவை.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நம் விடுதி நண்பன் ஒருவன், பெயர் சொல்லவில்லை, இங்கே பலருக்குத் தெரிந்துவிடும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம்மைவிட்டுப் போனான். 1998-இல் அவன் கலிபோர்னியாவில் வேலையாய் இருந்தபோது தன் மகளுக்கு ஒரு யோ-யோ வாங்கி, தானே ஆடக் கற்றுக்கொண்டு, அவளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறான். ஒட்டுப் பேட் வைத்த, திருகிக் கழற்றுகிற பிளாஸ்டிக் யோ-யோ. அந்தப் பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயதில் ஒரு பையன். தாத்தாவின் பெட்டியைப் பிரித்தபோது அது கிடைத்திருக்கிறது. பேட் தேய்ந்து வழுக்கிக் கிடந்தது. அவள் பேட் வரவழைத்து, ஒரு கடையில் கொடுத்து மாற்றியிருக்கிறாள். மாற்றியபிறகு யோ-யோ கீழே போனது போனதுதான். எத்தனை இழுத்தாலும் வரவில்லை. "பேரிங் போச்சு மேடம், ரொம்பப் பழசு, புதுசு வாங்கிக்குங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அங்கிள், புதுசு வாங்க என்கிட்ட காசு இருக்கு. ஆனா அப்பா எறிஞ்சு இழுத்தா டக்குனு கைக்குள்ள வந்து உக்காரும். அந்தச் சத்தம் என் பையன் கேக்கணும்."

கூரியரில் வந்ததும் அளந்து பார்த்தேன். பள்ளத்தின் வெளிவிட்டம் 20.4 மி.மீ., ஒட்டியிருந்த பேட் 19. பள்ளத்தின் ஆழம் 1.2 மி.மீ., பேட் 0.9. அதாவது பேட் ஒரு பக்கம் ஒதுங்கி, மேற்பரப்புக்கு 0.3 மி.மீ. கீழே பதுங்கியிருந்தது. தளர்ந்த நூல் தொடுவதற்கு அங்கே ஆளே இல்லை. பேரிங்கை எடுத்துச் சுண்டிப் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பம்பரம் மாதிரி சுழன்றது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

செய்தது மிகவும் எளிது. இரண்டு பேட்டையும் எடுத்துப் பள்ளத்தைத் துடைத்தேன். பள்ளத்தின் அளவுக்கே பொருந்துகிற சொரசொரப்பான ஒட்டுப் பேட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினேன். ஒரு பக்கத்தோடு ஏன் நிறுத்தினேன் என்றால், முதல் சுற்றைப் பிடிக்க ஒரு கை போதுமா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. எறிந்து பார்த்தேன். பத்து இழுப்பில் ஆறு தடவை வந்தது. ஒன்பது வயதுப் பையனுக்கு ஆறு போதாது. அதன்பிறகு பேட்டைத் தொடவில்லை. பேரிங்கில் கெட்டியான எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். எண்ணெயின் பிசுபிசுப்பு நூலைச் சற்றே கூட இழுத்துக்கொண்டு போகும், திரும்பி வருவது எளிதாகும். அதே எண்ணெய் பேட்டில் பட்டால் பசை கெடும், ஆகையால் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இப்போது பத்துக்குப் பத்து வந்தது. அடியில் எட்டு வினாடி தூங்கியும் வந்தது. மறுபக்கத்துப் பள்ளம் இன்றும் காலியாகவே இருக்கிறது. பையன் கை தேறியபின் அவனே தீர்மானிக்கட்டும்.

நண்பன் காலத்துப் பழைய பேட் இரண்டையும் அவள் ஒரு சின்னக் கவரில் போட்டு யோ-யோவோடு அனுப்பியிருந்தாள். நூல் உரசி உரசி வழவழவென்று, நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். அவன் எறிந்த எறிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. மாத்திரைக் கவர் ஒன்றில் பத்திரமாய் வைத்து, 'இது ஆடுவதற்கு அல்ல, வைத்துக்கொள்வதற்கு' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பார்சல் போய்ச் சேர்ந்த அன்று மாலை அவளிடமிருந்து தொலைபேசி. பேசவில்லை. மறுமுனையில் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் 'டக்'. பிறகு பையனின் குரல், "தாத்தா, வருது!"

நண்பர்களே, ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றவுடன் 'பழசு, போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நான் பார்த்தவரை, பல சமயம் போயிருப்பது தேய்வதற்கென்றே வைத்த ஒரு சின்னத் துண்டுதான். லாரியில் அது லைனிங், சைக்கிளில் பிரேக் கட்டை, யோ-யோவில் பேட். அதை மாற்றுமுன், இந்தப் பொருளைச் செய்தவர் இது என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தார், வைத்திருந்தவர் இதில் எதை விரும்பினார் என்று கேட்டுவிட்டு, பிறகு அளவெடுங்கள். குறைவான பிடிப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரும்பி எடுக்க முடியாததைக் கடைசியில் வையுங்கள். பொம்மைக்குச் சொன்னேன். வேறு எதற்குப் பொருந்தும் என்பதை உங்கள் அனுபவத்துக்கே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை. நாம் எல்லோரும் இந்த வளாகத்திலிருந்து எறியப்பட்டவர்கள்தான். சிலர் நெய்வேலிவரை, சிலர் துபாய்வரை, சிலர் அமெரிக்காவரை போய், நூலின் அடியில் நின்று வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தோம். இன்று இத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறோம் என்றால் யாரோ ஒருவர் முதல் சுற்றைப் பிடித்திருக்கிறார். நம் செயலாளர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தன் கைப்பட எழுதிய கடிதம்தான் அது. மற்றச் சுற்றுகளை நாம் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டோம். இன்று வராத நண்பர்களின் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு பெயரைக் குறித்துக்கொண்டு போய், இந்த வாரம் ஒரு தொலைபேசி போடுங்கள். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். முதல் சுற்றைப் பிடித்தால் போதும்.

இருபது நிமிஷத்தைத் தாண்டிவிட்டதாகச் செயலாளர் மணிக்கட்டைக் காட்டுகிறார். யோ-யோக்கள் நான்கு கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பின் பேரப்பிள்ளைகள் வரலாம். தாத்தாக்களும் வரலாம், ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரவும்.